ஆஸ்பத்திரியில் சொன்ன ஒரு பொய், பொலிஸில் வைத்த ஒரு கையெழுத்து

2023 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் தம்பிக்குக் கத்தி வெட்டு விழுந்தது. வலது முன்கையில், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே. அப்போது அவனுக்கு இருபது வயது, வெல்டிங் பட்டறையில் வேலை. அப்பா இல்லை, அம்மாவுக்குச் சீனி வருத்தம், என் கணவர் கட்டாரில். வீட்டில் மெஷின் வைத்து பள்ளிக்கூட யூனிபோர்ம் தைக்கிற எனக்கு, பொலிஸ் நிலையத்துக்குள் எந்த மேசைக்கு முதலில் போக வேண்டும் என்றுகூட அன்றுவரை தெரியாது. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை, இரண்டு பக்கமும் இன்னும் ஒரே சந்தையில்தான் மீன் வாங்குகிறோம். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற வழியில், எழுவான்கரையில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மென்பந்து கிரிக்கெட் இறுதி ஆட்டம், கடைசிக்கு முதல் ஓவரில் ஒரு ரன் அவுட். அம்பயர் எங்கள் ஊர்க்காரர். அடுத்த ஊர்ப் பொடியன்கள் ஏற்கவில்லை, மைதானத்திலேயே தள்ளுமுள்ளு, எங்கள் பக்கத்தில் யாரோ பேட்டால் ஒருவனுக்குத் தோளில் அடித்திருக்கிறார்கள். அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பொழுதுபடுகிற நேரம் சந்தியில் பாண் வாங்க நின்ற என் தம்பியை மூன்று பேர் மோட்டார் சைக்கிளில் வந்து மறித்தார்கள். பேட்டால் அடித்தது அவன் இல்லை, ஆனால் அதே நிற ஜேர்சி போட்டிருந்தான்.

பக்கத்தில் நின்றவர்கள் ஒரு ஓட்டோவில் ஏற்றினார்கள். 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை. முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியிலிருந்து மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றினார்கள், நரம்பு வெட்டுப்பட்டிருந்ததால் அன்றிரவே ஒப்பரேஷன். நான் அம்மாவைப் பக்கத்து வீட்டு மாமியிடம் விட்டுவிட்டுப் போய்ச் சேரும்போது இரவு ஒன்பதரை. அதற்குள் முதல் பிழை நடந்து முடிந்துவிட்டது. கூட வந்த கூட்டாளிமார் அவன் காதுக்குள், "டேய், விழுந்திட்டன் எண்டு சொல்லு. பொலிசுக்குப் போனா அவனுகள் ஒளிச்சிருவானுகள். நாங்க பாத்துக்கொள்றம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவனும் டொக்டரிடம் தகரத்தில் விழுந்து வெட்டினது என்று சொல்லிவிட்டான். அதை அப்படியே டிக்கெட்டில், அதாவது ஆஸ்பத்திரியின் நோயாளிக் குறிப்பில், எழுதிவிட்டார்கள்.

இந்த ஒரு வரி எங்களை எத்தனை மாதம் அலைய வைத்தது என்று பின்னால் சொல்கிறேன். ஒருவரைக் கொண்டுபோகும்போது, எவ்வளவு இரத்தம் போனாலும், "யார் என்ன கேட்டாலும் நடந்ததைச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிடுங்கள். டொக்டர் எழுதுகிற முதல் வரிதான் பிறகு சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கைக்கும் கோட்டுக்கும் போகிறது. அப்படிப் பிழையாகச் சொல்லிவிட்டால் அடுத்த நாளே வார்டில் டொக்டரிடம் போய் உண்மையைச் சொல்லி, அதையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே பொலிஸ் இருக்கிறது, அங்கேயும் சொல்லுங்கள். சட்ட வைத்திய பரிசோதனைக்கான படிவத்தைப் பொலிஸ்தான் தர வேண்டும், அந்தப் படிவம் போனால்தான் காயத்தைப் பார்த்து எழுதுவார்கள். நான் இதைச் செய்தது மூன்றாம் நாள். அப்போது காயத்தைச் சுற்றி முழுக்க பண்டேஜ்.

அன்றிரவு எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. வார்டுக்கு வெளியே நாலைந்து மோட்டார் சைக்கிள், பத்துப் பொடியன்கள், எல்லாரும் போனைப் பார்த்துக் குசுகுசுக்கிறார்கள். தம்பியின் கையை எடுத்த படத்தை ஒருவன் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தான், கீழே வாள் படம் ஒன்று. அவர்களில் ஒருவனின் தாய் எனக்கு இரவு பதினொன்றுக்கு எடுத்து, "மனே, இவன் மம்பட்டிப் பிடியைக் கழற்றி வைச்சிருக்கான், விடியக்குள்ள போப்போறானுகளாம்" என்று சொன்னபோது எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. இன்னொரு பிள்ளை வெட்டுப்பட்டால் அதுவும் என் தம்பி பெயரில்தான் வந்து விழும்.

எனக்குத் தெரிந்த இரண்டு பேருக்கு எடுத்தேன். ஒருவர் எங்களுக்குப் படிப்பித்த, பென்ஷன் எடுத்த சேர். மற்றவர் அம்மன் கோயில் வண்ணக்கர், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிறவர், முரட்டு மனிசன், பொடியன்கள் அவருக்குத்தான் பயம். சேர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து யாருக்கும் புத்தி சொல்லவில்லை. அதுதான் அவர் செய்த பெரிய வேலை. "ஆரும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார், கடையில் கொத்து வாங்கிக் கொடுத்தார், ஒவ்வொருத்தனையும் கதைக்க விட்டார். ஒரு மணித்தியாலம் கத்தினார்கள். பிறகு, படத்தை எனக்கு அனுப்பச் சொல்லிவிட்டு ஸ்டேட்டஸைக் கழற்றச் சொன்னார் (அழித்துவிடக் கூடாது, அது சாட்சி). ஆக முரண்டு பிடித்த இரண்டு பேரின் தாய்மாருக்கும் எடுத்துப் பேசி, விடியமுன்னம் ஒருவனைப் படுவான்கரையில் பெரியம்மா வீட்டுக்கும் மற்றவனை வாழைச்சேனைக்கும் அனுப்பினோம். வண்ணக்கர் அதே இரவு அடுத்த ஊர்க் கோயில் ஆட்களோடு பேசி, அந்தப் பக்கத்துப் பொடியன்களையும் ஒரு கிழமைக்குச் சந்திக்கு வரவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவர் பாணியில் சொன்னது: "வடசேரி தென்சேரி எண்டு கொம்பு இழுத்த ஊரடா இது. இழுத்து முடிஞ்சா ஒண்டாத்தான் சாப்பிட்டம்." (ஊர் இரண்டு பக்கமாகப் பிரிந்து விளையாடுகிற கொம்புமுறியைச் சொல்கிறார்.)

இப்படிச் செய்வதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தில் கேரி ஸ்லட்கின் என்ற தொற்றுநோய் டொக்டர், வன்முறையும் ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்குத் தொற்றுகிறது என்று சொல்லி, 2000ஆம் ஆண்டு வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க் என்ற பகுதியில் ஒரு வேலையைத் தொடங்கினாராம். சுடுபட்டவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறபோதே அவனுடைய ஆட்களிடம் போய்ப் பேசிப் பழிவாங்கலை நிறுத்த, அதே தெருவில் வளர்ந்த ஆட்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். எங்கள் சேருக்கு ஒரு பயிற்சியும் இல்லை, கொத்து ரொட்டிதான். ஆனால் ஒன்று விளங்கியது: முதல் வெட்டை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, இரண்டாவது வெட்டு எப்போது எங்கே விழும் என்பது ஊரில் பாதிப் பேருக்கு முன்னமே தெரியும். அந்த இரண்டு இரவு தாண்டினால் பாதி ஆபத்துக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் பொலிஸிடம் மட்டும் விட்டுவிட்டு இருக்கக் கூடாது, பொலிஸே வேண்டாம் என்றும் இருக்கக் கூடாது. நாங்கள் முதலாவதை ஓரளவு சரியாகச் செய்தோம். இரண்டாவதில் நான் தனியே மாட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். தமிழில் எழுதுகிறவர் லீவு, நாளைக்கு வாங்க. செவ்வாய் போனேன், அவர் கோட்டுக்குப் போயிருக்கிறார். புதன்கிழமை ஒரு சார்ஜன்ட், தமிழ் கதைப்பார், எழுத வராது, நான் சொல்லச் சொல்லச் சிங்களத்தில் எழுதினார். இடையில் இரண்டு தரம் போன் பேசினார். முடிந்ததும் புத்தகத்தைத் திருப்பிக் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். எனக்குச் சிங்களம் வாசிக்க வராது என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அவரும் கேட்கவில்லை. வெளியே வரும்போது, "இவனுகள் எல்லாம் ஐஸ் அடிச்சிட்டுத்தானே வெட்டிக்கொள்றானுகள்" என்று மற்றவரிடம் சொல்லிச் சிரித்தது கேட்டது. ஐஸ் என்றால் போதைப்பொருள். என் தம்பி சிகரெட்டும் குடிக்க மாட்டான். அந்தச் சிரிப்பைக் கேட்ட நிமிஷத்தில், பொடியன்கள் மம்பட்டிப் பிடியைத் தூக்குவது ஏன் என்று எனக்கே விளங்கியது. இங்கே போய் என்ன கிடைக்கப் போகிறது என்ற எண்ணம்தான் அவர்களை அங்கே அனுப்புகிறது.

மூன்று கிழமை கழித்துத்தான் அந்த வாக்குமூலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவந்தது. "இரு குழுக்கள் மோதிக்கொண்டதில் காயம்." மறித்த மூன்று பேரின் பெயரும் நான் சொல்லியிருந்தேன், எழுதியிருந்தது ஒன்று. இதற்கிடையில் மற்றப் பக்கத்தார் எனக்கு முதலே, திங்கட்கிழமை விடியவே போய், பேட்டால் அடித்தது என் தம்பி என்று முறைப்பாடு போட்டுவிட்டார்கள். ஆக ஆஸ்பத்திரி டிக்கெட்டில் "தகரத்தில் விழுந்தது", பொலிஸ் புத்தகத்தில் "குழு மோதல்", அடுத்த முறைப்பாட்டில் சந்தேகநபர் என் தம்பி.

அந்தக் கையெழுத்தை வைக்க முதல் யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவை இவை. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவையின்படி நீங்கள் வாய்மொழியாகச் சொல்வதை நீங்கள் சொல்லும் மொழியில்தான் எழுத வேண்டும், எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். அந்த உத்தியோகத்தருக்கு அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், நீங்களே உங்கள் மொழியில் எழுதிக் கொடுக்கும்படி கேட்க வேண்டும். அதனால் வீட்டிலிருந்தே தமிழில் எழுதிக்கொண்டு போய்விடுங்கள், இரண்டு பிரதி. நேரம், இடம், பெயர்கள், யார் யார் பார்த்தார்கள், என்ன ஆயுதம், இவ்வளவும் போதும், கதை வேண்டாம். முறைப்பாட்டு இலக்கம், புத்தகப் பெயர், பக்கம், எழுதியவரின் இலக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் பிரதி எடுக்க அது வேண்டும். ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. விளங்காததில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று மரியாதையாகச் சொல்லலாம், "வாசிச்சுக் காட்டுங்க சேர்" என்று கேட்பதில் பிழையே இல்லை.

இனி வெட்கக்கேடான பகுதி. ஒருவர் வந்தார், உள்ளே ஆள் தெரியும், கேஸைச் சரிசெய்து தருவேன் என்றார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த முகம்தான். முதலில் பத்தாயிரம், பிறகு பதினையாயிரம் வாங்கினார். அவர் உள்ளே யாருக்காவது கொடுத்தாரா, தன் வீட்டு ஓட்டுக்குக் கொடுத்தாரா, எனக்குத் தெரியாது. ஒன்றும் நடக்கவில்லை. கணவர் அனுப்பிய காசு அது, அவரிடம் ஆறு மாதம் மறைத்தேன். தெரிந்தபோது அவர் திட்டியதைவிட, "என்னட்டக் கேட்டிருக்கலாமேகா" என்று சொன்னதுதான் வலித்தது. அடுத்து ஒரு லோயருக்கு முதல் நாளே பன்னிரண்டாயிரம், பிறகு ஒவ்வொரு கோட் தவணைக்கும் ஐயாயிரம். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மட்டக்களப்பிலேயே சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்களே சட்டத்தரணி வைத்துத் தருவார்கள் என்று நாலாவது தவணையில் கோட் வாங்கிலில் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டிதான் சொன்னார்.

திருப்பம் வந்தது இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தில். (அம்பாறைப் பக்கத்தவர்களுக்குக் கல்முனையில் இருக்கிறது. ஆணைக்குழுவை அமைக்கிற சட்டம் வந்த ஆண்டு 1996, அவர்களின் அவசரத் தொலைபேசி இலக்கமும் 1996, மறக்க வழியில்லை.) அங்கே ஒரு தங்கச்சி தமிழில் கேட்டு, தமிழில் எழுதி, எனக்கு வாசித்தும் காட்டினாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதேன். அவளிடம் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் மிக முக்கியம்: பொலிஸோ வேறு அரச அதிகாரியோ அடிப்படை உரிமையை மீறினால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி நாட்டின் ஆக மேலான கோட்டான உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அவர்கள் விசாரிக்கிற காலத்தை அந்த ஒரு மாதத்தில் சேர்த்துக் கணக்கெடுப்பதில்லை. நான் போனது இரண்டரை மாதம் கழித்து. உயர் நீதிமன்றம் போகிற எண்ணம் எனக்கு இருக்கவில்லை, ஆனால் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாய்ப்பே போய்விட்டது.

அவள் சொல்லி, பொலிஸ் அத்தியட்சருக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன், தமிழில்தான். இந்தப் பொலிஸ் ஆணைக்குழுவின் கதையே ஒரு ஊஞ்சல். 2001இல் அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம் கொண்டுவந்தது, 2010இல் 18ஆவது பல்லைப் பிடுங்கியது, 2015இல் 19ஆவது திருப்பிக் கொடுத்தது, 2020இல் 20ஆவது மறுபடி பிடுங்கியது, 2022இல் 21ஆவது மறுகா திருப்பித் தந்தது. இவ்வளவுக்கும் நடுவில் பொலிஸ் கட்டளைச் சட்டம் மட்டும் 1865ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்டதுதான், திருத்தித் திருத்தி ஓடுகிறது. கொழும்பில் நடக்கிற இந்த ஆட்டத்துக்கும் எனக்கும் என்ன என்றுதான் முன்பு நினைத்தேன். 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் வாக்கெடுத்து ஒரு பொலிஸ்மா அதிபரையே பதவி நீக்கிய செய்தியைத் தைத்துக்கொண்டே கேட்டபோது, அந்தச் சார்ஜன்டின் சிரிப்புத்தான் நினைவுக்கு வந்தது. மேலே ஆளை மாற்றுவது சரி, எங்கள் நிலையத்தில் தமிழ் எழுதத் தெரிந்த இரண்டு பேர் எந்நேரமும் இருந்தால் அதுவே எனக்குப் பெரிய சீர்திருத்தம்.

கடிதங்களுக்கு ஒரு மாதம் கழித்துப் பலன் கிடைத்தது. வேறொரு உத்தியோகத்தர், இளம் பொடியன், தமிழில் முழு வாக்குமூலமும் மறுபடி எடுத்தார், சந்திக் கடைக்காரரிடமும் எடுத்தார், கடையின் கெமரா பற்றிக் கேட்டார். கெமரா பதிவு எப்போதோ அழிந்துவிட்டது. முதல் கிழமையிலேயே நானே போய்க் கேட்டிருந்தால் கடைக்காரர் பென்டிரைவில் போட்டுத் தந்திருப்பார், அவரே சொன்னார். அதனால் கெமரா இருக்கிற கடைக்கு அடுத்த நாளே போங்கள். அந்த இளம் பொலிஸுக்கு நான் நன்றி சொன்னபோது, "அக்கா, இது என் வேலைதானே" என்றார். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், இதை எழுதாவிட்டால் நான் பொய்க்காரி.

மற்றப் பக்கத்தார் போட்ட பேட் அடி முறைப்பாடு மத்தியஸ்த சபைக்கு வந்தது. 1988ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின் கீழ் இயங்குகிற சபை, சின்னக் காயம் போன்ற பல சச்சரவுகள் கோட்டுக்குப் போக முதல் இங்கேதான் வரும். வார இறுதியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், சின்னப்பிள்ளைகளின் வாங்கிலில் குந்தி இருந்து பேசினோம். லோயர்மார் வரக் கூடாது, காசும் இல்லை. வெட்டினவனின் தாயை அங்கேதான் முதலில் நேரே பார்த்தேன். என்னைவிட மெலிந்த மனிசி, கசிப்புக் குடித்துக் குடித்தே கணவன் செத்தவள். நான் எத்தனையோ பேச்சுத் தயார்பண்ணிக்கொண்டு போனேன், ஒன்றும் வரவில்லை. "உங்கட தம்பிர கை எப்படி?" என்று கேட்டாள். அடித்தது என் தம்பி இல்லை என்று அவளுடைய இளைய மகனே சொல்லிவிட்டான், அந்த முறைப்பாடு அன்றே முடிந்தது. வெட்டுக் கேஸையும் இங்கேயே முடித்துவிடுங்கள் என்று சிலர் நெருக்கினார்கள். நான் மறுத்தேன். அந்தத் தாயின் மேல் கோபம் இல்லை, கத்தி எடுத்தது கோட்டில்தான் பேசப்பட வேண்டும் என்பதில் மட்டும் மாற்றமில்லை. சாட்சிக்காரரை மிரட்டினால் அதற்குத் தனிச் சட்டமும் இருக்கிறது, 2015இல் வந்து, 2023இல் புதிதாக மாற்றி எழுதிய பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம். இதைச் சொன்ன பிறகு நெருக்கல் நின்றது.

மொத்தக் கணக்கு இது. தரகருக்கு இருபத்தையாயிரம், லோயருக்கு முப்பத்திரண்டாயிரம், ஓட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் ஏறக்குறைய பதினெட்டாயிரம், நான் தைக்காமல் விட்ட நாட்கள் நாற்பதுக்கு மேல், அந்த ஜனவரியில் யூனிபோர்ம் ஓடர் பாதி வேறு ஆளுக்குப் போனது. தம்பி எட்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. சின்ன விரலும் மோதிர விரலும் இன்னும் முழுக்க மடங்காது, வெல்டிங் ஹோல்டரை இடக்கையால் பிடிக்கப் பழகியிருக்கிறான்.

எங்கள் கிராமசேவகர் பிரிவில் சிவில் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்கிறது என்பதே இந்த அலைச்சலில்தான் தெரிந்தது. பெயர்ப் பட்டியலில் செத்துப்போன ஒருவரும் இருந்தார். இப்போது சேர், வண்ணக்கர், நான், அடுத்த ஊரிலிருந்து மூன்று பேர் என்று ஒரு ஏழெட்டுப் பேர் ஒன்றாக இருக்கிறோம், அந்த இளம் பொலிஸும் வருவார். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆட்டம் நடந்தால் அம்பயர் மூன்றாவது ஊரிலிருந்து, பொழுதுபட முதல் பரிசளிப்பு முடிய வேண்டும், குடித்துவிட்டு வருகிறவனை அவனுடைய கழகத்துக்காரர்களே வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும், ஏதாவது நடந்தால் யார் யாருக்கு எடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் ஆறு நம்பர். சென்ற வருஷம் ஒரு தரம் அந்தத் தாள் வேலை செய்தது, ஒரு தரம் வேலை செய்யவில்லை.

கேஸ் இன்னும் தவணையில் இருக்கிறது. போன மாதம் இரவு எட்டு மணிபோல பக்கத்து ஊரிலிருந்து ஒரு தாய் ஓட்டோவில் வந்து இறங்கினாள், மகனுக்குத் தலையில் வெட்டு, யாரோ என் வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். உள்ளே வரச் சொன்னேன், தண்ணி கொடுத்தேன், மெஷினுக்குக் கீழே வைத்திருக்கும் பைலை எடுத்துக்கொண்டு வந்து இருந்தேன். "முதல்ல இதைச் சொல்லுங்க, டொக்டர் கேட்டதுக்கு மகன் என்ன சொன்னவன்?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "மோட்டார் சைக்கிளால விழுந்ததெண்டு" என்றாள். உடுப்பை மாற்றிக்கொண்டு அதே ஓட்டோவில் ஏறினேன்.